வெயிலும் எலும்பும்
டி ஜீவசத்து சரீரத்தில் வேலை செய்யும் விதம்

காத்திவாக்கத்தில் வெயிலைக் கொண்டு ஜீவனம் செய்தவர்கள் அநேகர். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்திற்குத் தெற்கே, கடலுக்கும் கழிக்கும் நடுவில் கிடக்கும் இம்மணற்பாங்கான ஊரில் நெத்திலியும் இறாலும் வெயிலில் உலர்ந்தே விலைக்குப் போயின. அண்டையிலிருந்த உப்பளங்கள் வெயிலாலேயே விளைந்தன. அவற்றிற் பல பிற்காலத்தில் ஆலைகளுக்கும் அனல் மின்நிலையங்களுக்கும் இடமாகிவிட்டன. கழியைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சென்றால் நெற்களம். அங்கும் வெயிலில்லாமல் ஒரு வேலையும் நடவாது. இவ்வளவு வெயில் காயும் பூமியில் வெயிற்குறைவால் ஒரு வியாதி உண்டாகுமென்றால் நம்புவோர் சிலரே. ஆயினும் அவ்வியாதி இருக்கிறது. வயலில் இறங்கி வேலை செய்பவனைவிட, அவ்வயலுக்கு உடையவரையும் அவர் வீட்டுப் பெண்டிர் பிள்ளைகளையுமே அது அதிகமாகப் பற்றுகிறது என்பது மிராசுதாரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம்.

காத்திவாக்கத்திற்கும் திருப்பதிக்கும் பூமத்திய ரேகையிலிருந்து தூரம் ஏறக்குறைய ஒன்றே. இரண்டும் 13 பாகைக்குச் சற்று வடக்கே உள்ளவை. ஆகையால் திருப்பதியில் கண்ட முடிவு இவ்விடத்திற்கும் பொருந்தும். அங்குள்ள ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சி. வி. ஹரிநாராயணும் அவருடன் உழைத்தவர்களும் பட்டணத்தாரையும் கிராமத்தாரையும் சோதித்து 2007-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில் இரண்டு விஷயங்கள் தெளிந்தன. கிராமத்து ஆடவரின் இரத்தத்தில் டி ஜீவசத்து எல்லோரையும்விட அதிகமாகவும், பட்டணத்துப் பெண்டிரிடத்தில் எல்லோரையும்விடக் குறைவாகவும் இருந்தது. இது எதிர்பார்த்ததே. ஆனால் அக்கிராமத்தார் உண்ணும் ஆகாரத்தில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு என்பதும், அந்தக் குறைவான சத்தையும் சேரவொட்டாமல் தடுக்கும் பைட்டேட் என்னும் பொருள் மிகுதி என்பதும் கூடவே வெளியாயின. வெயில் கிடைத்தவனுக்குச் சுண்ணாம்பு கிடைக்கவில்லை. சுண்ணாம்பு கிடைக்கக்கூடியவனுக்கு வெயில் கிடைக்கவில்லை. எலும்புக்கோ இரண்டும் ஒருங்கே வேண்டும்.

காத்திவாக்கத்தில் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். தகப்பன் கட்டுமரத்திலோ படகிலோ திறந்த முதுகோடு தொழில் செய்கிறான். மகன் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துப் பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறான். மருமகள் நெருக்கமான தெருவில், சூரியன் எட்டிப்பாராத அறையில் சமையலும் பிள்ளையுமாக இருக்கிறாள்; வெளியே செல்வதானால் காலை ஏழு மணிக்குத் தண்ணீருக்கும், மாலையில் கடைக்கும். கைக்குழந்தைக்கோ பாட்டி தினந்தோறும் இளவெயில் காட்டுகிறாள். ஒரே ஊர், ஒரே சூரியன். ஆயினும் இந்நால்வரில் தகப்பன் ஒருவனுக்கே டி ஜீவசத்து சரிவர உண்டாகும். குழந்தைக்கும் உண்டாவதில்லை என்று சொன்னால் பாட்டிக்குக் கோபம் வரும். காரணம் கீழே சொல்லப்படுகிறது.

தோலில் தொடங்கும் வேலை

டி ஜீவசத்து மற்ற ஜீவசத்துக்களைப் போன்றதன்று. மற்றவை பெரும்பாலும் ஆகாரத்தின் மூலமே வரவேண்டும். இதைச் சரீரம் தானே செய்துகொள்ளும். மனிதனுடைய தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்னும் கொழுப்பினப் பொருள் ஒன்று உண்டு. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கிரணங்களில் ‘பி’ வகுப்பைச் சேர்ந்தவை அதன்மேல் விழும்போது அதன் கட்டு ஓரிடத்தில் அவிழ்ந்து வேறொரு பொருளாக மாறுகிறது. அப்பொருள் சரீர உஷ்ணத்தால் மெதுவாக உருத் திரும்பி டி ஜீவசத்தாகி இரத்தத்தில் இறங்குகிறது. நெடுநேரம் வெயிலில் நின்றால் இது அளவுகடந்து பெருகிவிடாதா என்று கேட்கலாம். பெருகாது. ஓரளவுக்கு மேல் உண்டானதை அதே வெயில் பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. வெயிலால் டி ஜீவசத்து மிஞ்சி ஒருவர் நோயுற்றார் என்பது இல்லை. மருந்தால் மிஞ்சுவது உண்டு.

தோலிலிருந்து இறங்கிய டி ஜீவசத்து அப்படியே உபயோகப்படாது. உமி நீக்காத நெல்லைப் போன்றது அது. முதலில் ஈரலில் ஒரு மாறுதல் அடைகிறது. அவ்விதம் மாறியதற்குக் கால்சிடையால் என்று பெயர். வைத்தியர்கள் இரத்தப் பரீட்சையில் அளப்பது இதையே. இது இரத்தத்தில் சில வாரங்கள் வரை தங்கியிருக்கும். ஆகையால் அடைமழையில் நாலைந்து நாள் வெயில் காணாவிட்டாலும் குற்றமில்லை. பின்பு மூத்திரப் பிண்டமாகிய சிறுநீரகத்தில் இரண்டாவது மாறுதல் அடைந்து கால்சிட்ரையால் ஆகிறது. இதுவே குத்திப் புடைத்த அரிசி. இது எவ்வளவு வேண்டுமென்று சரீரமே கணக்குப் பார்த்துச் செய்துகொள்கிறது. நாட்பட்ட சிறுநீரக நோயாளிகள் எத்தனை வெயில் காய்ந்தாலும் எலும்பு நலிவதற்குக் காரணம், இந்தக் கடைசி வேலை அவர்களிடத்தில் சரிவர நடவாமையே.

கால்சிட்ரையாலின் முக்கிய வேலை சிறு குடலில் நடக்கிறது. உண்ட சோற்றிலும் பாலிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் சேர்க்க அதுவே உதவுகிறது. டி ஜீவசத்து இல்லாதவிடத்து, உண்ட சுண்ணாம்பில் நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து பங்கே உள்ளே சேரும். அது போதுமானவிடத்து முப்பது முதல் நாற்பது பங்கு வரை சேரும். அதாவது ஒரே படி பாலைக் குடிக்கும் இருவரில் ஒருவன் மற்றவனைவிட இரண்டு மூன்று பங்கு பயன் அடைகிறான். மற்றவனுக்கு மிகுதி மலத்தோடு போய்விடுகிறது.

இப்படிச் சேரவேண்டியது சேராவிட்டால் என்ன நேருகிறது? இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து எப்பொழுதும் ஒரு நிதானத்தில் இருந்தாகவேண்டும். இல்லையேல் தசைகள் இழுத்துக்கொள்ளும், இருதயம் தவறும். ஆகவே கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் நான்கு சிறு கோளங்கள் விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து சுண்ணாம்பைப் பெயர்த்து இரத்தத்திற்குக் கொடுக்கின்றன. வளர்ந்த மனிதனின் சரீரத்தில் சுமார் ஒரு கிலோ சுண்ணாம்புச் சத்து உண்டு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருக்கிறது. பஞ்ச காலத்தில் விதைக்கோட்டையைப் பிரித்துக் குத்தித் தின்னும் குடியானவன் அன்றைக்குப் பசியாறுகிறான். அடுத்த போகத்திற்குத்தான் கையிருப்பு இல்லை. எலும்பின் கதியும் அதுவே. முதலில் ஒன்றும் வெளிக்குத் தெரியாது.

குழந்தைகளில் இதற்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். நடக்கக் காலதாமதம், மணிக்கட்டு தடித்தல், நெற்றி புடைத்தல், கால்கள் வில்லாக வளைதல் அல்லது முழங்கால்கள் ஒன்றோடொன்று இடித்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பெண் குழந்தையாயின் இடுப்பெலும்பு கோணி, பிற்காலத்தில் பிரசவத்தில் தாயும் சிசுவும் அபாயத்திற்குள்ளாக நேரிடும். பெரியவர்களில் எலும்பு உறுதி கெட்டு இளகுகிறது. இடுப்பிலும் தொடையிலும் ஓயாத நோவு, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ இயலாமை, படியேற இயலாமை, வாத்துப்போல் அசைந்து நடத்தல் முதலியன காணும். இவற்றை வாயு என்றும் பிள்ளைபெற்ற உடம்பு என்றும் சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு வருஷக்கணக்காகக் காலங் கழிக்கும் பெண்டிர் அநேகர்.

வெயிலின்மையே இதற்கு மூலம் என்று இத்தேசத்தில் வெகு காலத்திற்கு முன்பே கண்டிருக்கிறார்கள். ஹட்சிஸன், ஷா என்னும் இருவர் பம்பாய் மாகாணத்து நாசிக் ஜில்லாவில் விசாரித்து 1922-ல் எழுதியதில், நல்ல ஆகாரம் உண்டும் கோஷாவில் அடைபட்ட செல்வர் வீட்டுப் பெண்டிர் பிள்ளைகளுக்கே இந்நோய் கண்டதென்றும், கூழுண்டு வெளியில் உழைத்த ஏழைகளிடத்தில் அது காணவில்லையென்றும் கூறினர். கோஷா குறைந்துவிட்டது உண்மை. அதனிடத்தில் மாடிக் குடியிருப்பும், அலுவலகமும், இரவு ஷிப்டும், தொலைக்காட்சியும் வந்திருக்கின்றன.

நிழற்கோல்

பாட்டியின் இளவெயிலுக்கு வரலாம். சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் கிரணங்கள் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வெகுதூரம் வரவேண்டியிருக்கிறது. வழியில் ஓசோன் என்னும் வாயு, வேண்டிய புற ஊதாக் கிரணங்களைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடுகிறது. வெளிச்சம் வருகிறது, கதகதப்பு வருகிறது. டி ஜீவசத்தை உண்டாக்கும் கிரணம் மட்டும் வருவதில்லை. திருப்பதியில் மேற்சொன்ன பொருளைச் சிறு குழல்களில் அடைத்துக் காலை முதல் மாலை வரை மணிக்கு மணி வெயிலில் வைத்துச் சோதித்ததில், பகல் 11 மணி முதல் 2 மணி வரையிலுமே மாறுதல் அதிகமாக நடந்தது. இம்முடிவு 2013-ல் வெளியாயிற்று. காலை இளவெயிலுக்கு வேறு நன்மைகள் இருக்கலாம். எலும்புக்கு அதனால் ஆவது அற்பமே.

கடிகாரமில்லாமலே இதை அறிய ஒரு வழி உண்டு. கிராமப் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு முழக் கோலைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலை அளக்கவேண்டும். நிழல் கோலைவிட நீளமாயிருக்கும்வரை வெயிலில் நிற்பதால் டி ஜீவசத்து சொற்பமே உண்டாகும். நிழல் கோலைவிடக் குட்டையானதும் வேலை தொடங்குகிறது. காத்திவாக்கத்தில் ஆனி மாதத்தில் காலை சுமார் 9 மணிக்கே நிழல் குட்டையாகிவிடும். மாலை 3 மணி வரை அப்படியே இருக்கும். மார்கழியிலோ 10 மணி 20 நிமிஷத்திற்குப் பிறகே குட்டையாகும். 2 மணிக்குச் சற்று முன்பே மீண்டும் நீண்டுவிடும். மார்கழி நடுப்பகலிலும் பத்தங்குலக் கோலுக்கு ஏழரை அங்குல நிழலே விழும் என்பது இந்நாட்டின் பாக்கியம். அதே காலத்தில் லண்டன் நகரத்தில் நடுப்பகலில் அக்கோலுக்கு நிழல் முப்பத்தேழு அங்குலம். அவர்கள் மாரிக்காலத்தில் மீனெண்ணெய் குடித்தது இதனாலேதான்.

எவ்வளவு நேரம் வேண்டும்? கறுத்த தோலில் கிரணம் புகுவது தாமதம். சிவந்த தோலினரைப்போல் பல பங்கு நேரம் வேண்டியதாகும். முதுமையில் தோலின் சக்தியும் குன்றுகிறது. எழுபது வயதினரின் தோல் இருபது வயதினரின் தோல் செய்வதில் சுமார் கால் பங்கே செய்யும். முகத்தை மட்டும் காட்டினால் போதாது. கைகளும் கால்களும், ஆடவராயின் முதுகும் திறந்திருக்க, இருபது நிமிஷம் முதல் அரைமணி வரை, வாரத்தில் பல நாட்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து காய்வதால் பயனில்லை. அக்கிரணத்தைக் கண்ணாடி தடுத்துவிடும். கத்திரி வெயிலில் பன்னிரண்டு மணிக்கு நிற்கச் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். சித்திரை, வைகாசியில் நிழல் குட்டையான உடனே, ஒன்பதரை மணி அளவில் வேலையை முடித்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடலாம். உஷ்ணத்தால் ஒரு லாபமும் இல்லை. கைக்குழந்தையைக் கடும் வெயிலில் கிடத்தவே கூடாது. முதல் வருஷம் முழுவதும் தினம் 400 யூனிட் டி ஜீவசத்துச் சொட்டு மருந்து கொடுக்கும்படி இந்தியக் குழந்தை வைத்தியர் சங்கம் யோசனை கூறுகிறது. தாய்ப்பாலில் இச்சத்து மிகக் கொஞ்சமே உள்ளதால் இது அவசியமாகிறது.

புகையைப் பற்றியும் சொல்லவேண்டும். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரி எரித்தது; சுற்றுப்புறத்தில் வேறு நிலையங்களும் ஆலைகளும் இருக்கின்றன. காற்றில் நிற்கும் தூசும் புகையும் கிரணத்தை எவ்வளவு தடுக்கும் என்பதை டில்லியில் அளந்திருக்கிறார்கள். புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில் சராசரி 12.4 நானோகிராமும், புகை குறைந்த குர்காவ்ம் பகுதிக் குழந்தைகளுக்கு 27.1 நானோகிராமும் ஒரு மில்லி லிட்டருக்கு இருந்ததென்று 2002-ல் வெளியான அந்த ஆராய்ச்சி கூறுகிறது. பாதிக்கும் குறைவு! புகைக்கூண்டை மாற்றுவது குடியானவன் கையிலில்லை. அதிகாரிகள் கையில் ஓரளவு உண்டு. மங்கல் மூடிய நாளில் வெயிலில் இருக்கும் நேரத்தை அதிகப்படுத்துவதே தற்காலத்திற்குச் செய்யக்கூடியது.

சுண்ணாம்புச் சத்துள்ள ஆகாரம்

வளர்ந்தவர்களுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் விதித்தது. பாலூட்டும் தாய்க்கு 1,200. தீட்டிய அரிசி நூறு கிராமில் சுமார் 10 மில்லிகிராமுக்கு மேல் இல்லை. மூன்று வேளையும் அரிசிச் சோறே உண்ணும் வீட்டில் எலும்புக்கு எங்கிருந்து வரும்? அதே நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. நெல் விளையும் ஊரில் கேழ்வரகுக் கூழைக் கௌரவக் குறைவாக எண்ணும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை; எலும்பு விஷயத்தில் கூழே கௌரவம். கேழ்வரகிலும் பைட்டேட் உண்டாகையால் ஊறவைத்து முளைகட்டி உலர்த்தி அரைப்பது நலம். பசும்பால் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம் தரும். மோரும் அவ்வாறே உதவும். பாலை முழுவதும் சங்கத்திற்கு ஊற்றிவிட்டுப் பிள்ளைக்குக் கருப்புக் காபி கொடுக்கும் வீடுகள் கணக்கில் கொள்ளவேண்டியது இது. எள்ளும், முருங்கைக் கீரையும், அகத்திக் கீரையும் நிறைந்த சத்துடையவை. கடற்கரை ஊரார்க்கு நெத்திலி பெரிய உதவி. முள்ளோடு உண்ணப்படுவதால் அம்முள்ளே சுண்ணாம்பு. கருவாடானால் உப்பு மிகுதியென்பதை இரத்தக் கொதிப்புள்ளவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு போதாதா என்று முதியோர் கேட்பதுண்டு. சுண்ணாம்பு சுண்ணாம்புதான்; ஆனால் அதோடு சேரும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றை உண்டாக்குபவை. அந்த வழி வேண்டாம்.

ஆகாரத்தில் நேராக டி ஜீவசத்து உள்ளவை சிலவே. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களும், கொஞ்சம் முட்டைக் கருவும் குறிப்பிடத்தக்கவை. சுறா ஈரல் எண்ணெயில் ஏ ஜீவசத்துத்தான் மிகுதி. அதை டி ஜீவசத்துக்காகக் குடிப்பது சரியன்று. மாமிசம் உண்ணாதவர்கள் காளானை நறுக்கி நடுப்பகல் வெயிலில் வைத்துச் சமைக்கலாம். அதிலுள்ள எர்கோஸ்டிரால் வெயிலால் டி ஜீவசத்தாக மாறுகிறது. கடைகளில் விற்கும் பால், சமையலெண்ணெய் ஆகியவற்றில் ‘பிளஸ் எஃப்’ குறியுள்ளவற்றில் இச்சத்து சேர்க்கப்பட்டிருக்கும்.

மருந்துக் கடைகளில் 60,000 யூனிட் கொண்ட பொட்டலம் விற்கிறது. வைத்தியர் இதை வாரத்திற்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கே கொடுப்பது வழக்கம். நோவு தீரவில்லை என்று தினம் ஒன்றாக மாதக்கணக்கில் உண்டு, இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, வாந்தியும் மயக்கமும் கண்டு சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு. எழுதிக்கொடுத்தபடி அல்லாமல் உண்ணலாகாது. அது கொழுப்பில் தங்குவதால் எளிதில் வெளியேறாது.

தொழுவத்தில்

மனிதனுக்குச் சொன்னது கால்நடைக்கும் பெரும்பாலும் பொருந்தும். வெளிச்சமில்லாத கொட்டிலில் கட்டி, வைக்கோலை மட்டும் போட்டு வளர்க்கும் கன்றுகளுக்குக் கால் வளைவதும் மூட்டு வீங்குவதும் காணலாம். நெல் வைக்கோலில் சுண்ணாம்பும் பாஸ்பரஸும் குறைவு. அதிலுள்ள ஆக்ஸலேட் இருக்கும் சுண்ணாம்பையும் கட்டிவிடுகிறது. பசுந்தீவனமும், அகத்தி, வேலிமசால் போன்ற தழையும் சேர்க்கவேண்டும். எலும்பைத் தேடிக் கடிக்கும் மாடு பாஸ்பரஸ் குறைவால் கடிக்கிறது. முற்காலத்தில் இதற்கு எலும்புத் தூள் இடுவார்கள். இப்போது பால்மாட்டிற்கு அதை இடலாகாது. கால்நடை வைத்தியர் சொல்லும் அளவில் தாது உப்புக் கலவை வைப்பதே தகும். அதிகப் பால் கறக்கும் பசு கன்று ஈன்ற மூன்று நாளுக்குள் நடுங்கி, கழுத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு படுத்து எழாவிட்டால் அது பால் காய்ச்சல். இரத்தத்தில் சுண்ணாம்பு திடீரென இறங்கியதே காரணம். கை வைத்தியம் பாராமல் உடனே கால்நடை வைத்தியரை அழைத்துச் சுண்ணாம்பு மருந்தை நரம்பில் ஏற்றினால் அநேகமாக அன்றைக்கே எழுந்து நிற்கும். காலங் கடத்தினால் பசு போய்விடும்.

கோழிகளுக்குத் தாவர வகை டி ஜீவசத்து சிறிதும் போதாது. வெயிலால் உண்டாகும் வகையே வேண்டும். கூண்டில் அடைத்து வளர்ப்பவை கால் சோர்ந்து, தோல் மெலிந்த முட்டை இட்டால் தீவனத்தில் டி3 சேர்ந்திருக்கிறதா என்று மூட்டையிலுள்ள சீட்டைப் பார்க்கவேண்டும். கிளிஞ்சல் தூளும் உடன் வைக்கலாம். எண்ணூர்க் கழியோரத்தார்க்கு அது கைக்கெட்டும் பொருள். முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிக்கு இந்தத் தொல்லை அரிது. அது பத்து மணிக்கு மேல் சிறகை விரித்து மண்ணில் புரண்டு தன் பங்கு வெயிலை எடுத்துக்கொள்கிறது.